பாறை மேல் வைத்த சுருட்டு

நாலு வருடத்துக்கு முன்பு, மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகிற குறுகல் ரோட்டில் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, கொஞ்ச தூரம் நடந்து போய், ஒரு மொட்டைப் பாறை மேல் உட்கார்ந்து மத்தியானம் ஒரு மணிக்குச் சுருட்டு ஒன்றைப் பற்ற வைத்தேன். என் அறுபது வருட வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், இதைவிட அருமையான மத்தியானம் எனக்கு வாய்த்ததே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

சுருட்டு என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். சிலருக்குத் தபால்தலை, சிலருக்கு லவ் பேர்ட்ஸ், எனக்குச் சுருட்டு. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக முப்பது வருடம் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். திண்டுக்கல்லில் ஒரு டாக்டரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது, பொழுது போகாமல் எதிர்க்கடையில் வாங்கிப் பிடித்ததுதான் முதல் சுருட்டு. தலை சுற்றி, குமட்டி, மருந்து விற்கப் போனவன் நோயாளியாகப் போய் நின்றேன். ஆனாலும் ஆசை விடவில்லை. திருச்சிக்குப் போனால் அங்கே ஒரு ரகம் வாங்குவேன். வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் ஊருக்கு வந்தால், எல்லோரும் சாக்லேட் கேட்கும்போது நான் சுருட்டுக் கேட்பேன்.

இதில் புகையை உள்ளே இழுக்கிற வேலை கிடையாது. வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். ஒன்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் மழை பெய்த மண் மாதிரி இருக்கும், நடுவில் வறுத்த நிலக்கடலை வாசம் வரும், கடைசியில் மிளகுக் கஷாயம் மாதிரி நாக்கில் ஏறும். எல்லாம் எல்லாவற்றிலும் வராது. அப்படி வருகிற ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பைத்தியத்தின் சாரமே. பிடித்த ஒவ்வொன்றையும் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். நாள், இடம், பற்ற வைத்த நேரம், ருசி, எப்படி முடிந்தது, பத்துக்கு எத்தனை மார்க் என்று எல்லாம் இருக்கும். பக்கத்தில் அந்தச் சுருட்டைச் சுற்றி வரும் காகிதப் பட்டியை ஒட்டி வைப்பேன். என் மகள் பத்தாவது படித்தபோது அவள் மார்க்கைக்கூட நான் இவ்வளவு அக்கறையாகக் குறித்து வைக்கவில்லை என்று மனைவி குத்திக்காட்டுவாள்.

ரிடையர் ஆனதும் சேலத்து வெயிலுக்குப் பயந்து ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். மழைக்காலத்தில் மலை ஈரத்துக்குச் சுருட்டில் பூஞ்சை பிடிக்கும், கோடையில் காய்ந்து வெடிக்கும். அதனால் ஒரு தேவதாரு மரப் பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் ஈரமானி எல்லாம் வைத்துக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டேன். "ஊட்டுக்குள்ள அந்தக் கருமத்தப் புடிச்சீங்கன்னா, நான் எங்கம்மா ஊட்டுக்கு பஸ் ஏறிருவேன்" என்று மனைவி முதல் வாரமே சொல்லிவிட்டதால், சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆளில்லாத பாறையாகத் தேடிப் போவேன்.

இனிமேல்தான் விஷயம். சுருட்டுப் பிடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிடித்து முடித்ததும் சிகரெட்டை நசுக்குவது போல அதை நசுக்கக் கூடாது. தண்ணீரிலும் போடக் கூடாது. நசுக்கினால் நாற்றம் அடிக்கும் என்பது ஒரு காரணம். இத்தனை நேரம் சுகம் கொடுத்ததை மிதித்துக் கொல்லலாமா என்பது இன்னொரு காரணம். அப்படியே வைத்துவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாக யாராவது நசுக்கிய துண்டைப் படம் எடுத்துப் போட்டால், முதல் ஆளாகப் பாய்ந்து பாடம் எடுக்கிறவன் நான்தான். அதெல்லாம் வீட்டுக்குள், பீங்கான் தட்டு மேல் வைப்பதற்குச் சொன்ன வழக்கம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை பிடித்தது மைத்துனர் கொடுத்த கடைசி ஒன்று. இரண்டு வருடம் பெட்டியில் பழுத்தது. கிழக்கே மலை மடிப்பு மடிப்பாக இறங்குகிறது, கீழே காப்பித் தோட்டம், காற்று வேறு சிலுசிலுவென்று அடிக்கிறது. மண்ணும் கடலையும் மிளகும் வரிசையாக வந்தன. இருபத்தைந்து வருடமாக நான் தேடியது இதுதான் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டேகால் மணிக்கு, மீந்த ஒன்றரை அங்குலத்தைப் பாறை விளிம்பில் மெல்ல வைத்தேன். நோட்டில் எழுதினேன். நெஞ்சு நிறைந்து கிளம்பிப் போனேன்.

சாயங்காலம் பால் வாங்க ஒண்டிக்கடைக்குப் போனபோது செம்மநத்தம் பக்கம் வானம் புகைமூட்டமாக இருந்தது. அங்கே மளிகையும் இரும்புச் சாமானும் சேர்த்து வைத்திருக்கும் பாய் எனக்கு நல்ல சிநேகிதர். ஓமலூர்ப் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்திலிருந்தே மலையில் கடை. தீ எங்கே பாய் என்றேன். ரோட்டுக்குக் கீழே, மொட்டைப் பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்தில் என்றார். பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் மீதி விவரம் வந்தது. சருகில் பிடித்த தீ காற்றோடு போய், ஒரு அம்மாவின் தோட்டத்தில் முக்கால் ஏக்கர் காப்பியையும், மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரங்களையும் எரித்துவிட்டது. ஊரே பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மழை பெய்திருந்தால் காப்பி பூத்திருக்கும். அந்தத் தோட்டத்தின் மூலையில் குடிசை போட்டுக்கொண்டு, காட்டெருமை வராமல் காவல் பார்த்து, ஒன்பது ஆடு மேய்த்துப் பிழைக்கிறவர் ஒருவர். எப்போதும் வாயில் பீடி. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்களாம்.

"அவனே ஒத்துக்கிட்டானுங்க சார். காத்தால அந்தப் பக்கந்தான் குந்தி பீடி குடிச்சேன், நாந்தான் போட்டிருப்பேன்னு அந்தம்மா கால்ல உளுந்துட்டானாம்" என்றார் பாய்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, நான் இல்லை. அவரே சொல்கிறாரே! சுருட்டு தானாக அணையும், பீடிதான் அணையாமல் கிடக்கும், ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம். இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி ஞாயிற்றுக்கிழமையை ஓட்டினேன். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

திங்கட்கிழமை, மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு மட்டமான சுருட்டைப் பற்ற வைத்து, ஒன்றரை அங்குலம் வரைக்கும் அவசரமாகப் பிடித்து, கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். காற்று ஊத ஊத நுனி சிவந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் உருண்டு கீழே விழுந்தது. ஒரு சில்வர் ஓக் சருகை எடுத்து அதன் மேல் வைத்தேன். ஓரம் கறுத்தது, கொஞ்சம் புகைந்தது, குப்பென்று பிடித்துக்கொண்டது. செருப்புக் காலால் மிதித்து அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதாவது ஓடியிருக்க வேண்டுமா இல்லையா? ஓடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துக்கொண்டேன். போலீஸ், வனத்துறை, மகளின் மாமனார் வீடு, வாட்ஸ்அப் குழு என்று எனக்குப் பயப்பட ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்த ஆடு மேய்ப்பவர் முகம் மட்டும் எனக்குத் தெரியாது. முகம் தெரியாத ஆள் மேல் பழியை விட்டுவைப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பாய் கடைக்குப் போனேன். இன்றைக்குச் செம்மநத்தத்தில் ஊர்க்கூட்டம், குடிசையைப் பிரித்துக்கொண்டு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு மலையை விட்டே இறங்கச் சொல்லப்போகிறார்கள், பாவம் என்றார். ஆடு மேய்ப்பவருக்கும் அவர் மனைவிக்கும் வேறு போக்கிடம் கிடையாது என்றும் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே பாயிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில் வாய் கூசாமல், இப்போது போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது பாய் என்றும் கேட்டேன்.

பாய் தராசை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், உங்களுக்குத் தெரியும். இப்ப எனக்குத் தெரிஞ்சிருச்சு. மேல இருக்கறவனுக்கு அன்னைக்கே தெரியும். இன்னும் ஆருக்குத் தெரியக் கூடாதுன்னு பாக்கறீங்க?"

கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, தன் சரக்கு வண்டியை எடுத்தார். வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி அந்த நோட்டை எடுத்துக்கொண்டேன்.

கோயிலுக்கு முன்னால் இருக்கும் களத்தில் முப்பது பேர் இருந்தார்கள். தப்புச் செய்தவர் சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். நாங்கள் போய் இறங்கியபோது ஆடு மேய்ப்பவர் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் துண்டு. நெஞ்சிலும் நெற்றியிலும் செம்மண். அந்த முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன்.

முன்னால் போய் நின்று, அந்தத் தீ என்னால் வந்தது, இவரால் இல்லை என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன் தெரியுமா? அடி விழும், திட்டுவார்கள், போலீசைக் கூப்பிடுவார்கள். நடந்தது வேறு. ஊர்ப் பெரியவர் எழுந்து எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். "உங்களுக்கு நொம்பப் பெரிய மனசுங்க சார். ஏழை பாழைக்கு எரங்கற குணம் எல்லாத்துக்கும் வராதுங்க" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவர் டீக்கு ஆள் அனுப்பினார். ஆடு மேய்ப்பவரைக் காப்பாற்றுவதற்காக நான் பொய் சொல்கிறேன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்! சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினவன் காட்டுக்குத் தீ வைப்பானா? பீடி குடிக்கிறவன்தானே வைப்பான்?

அதைவிடக் கொடுமை, அவரே கையைக் கூப்பிக்கொண்டு என்னிடம் வந்தார். "வேண்டாங்க சார். எனக்கோசரம் நீங்க பழிய ஏத்துக்காதீங்க. நாந்தானுங்க."

அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. செய்த பாவத்தைச் சொன்னதற்கு எனக்குப் புண்ணியவான் பட்டம். நோட்டைப் பிரித்தேன். சனிக்கிழமைப் பக்கத்தை உரக்கப் படித்தேன். செம்மநத்தம் ரோடு, மொட்டைப் பாறை. பற்ற வைத்தது ஒரு மணி. முடித்தது இரண்டேகால். பத்துக்குப் பத்து. இதுவரை பிடித்ததிலேயே இதுதான் முதல். அணைக்கவில்லை, பாறை விளிம்பில் வைத்துவிட்டேன், நல்ல காற்று, நிம்மதியாக அடங்கட்டும். எழுதும்போது எவ்வளவு அழகாகத் தோன்றிய வரி! அந்தக் களத்தில் நின்று படித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. பட்டியையும் காட்டினேன். மாடியில் செய்து பார்த்ததையும் சொன்னேன்.

அன்றைக்கு முதலில் புகையைப் பார்த்தது மூன்று மணிக்கு முன்பே என்றும், பாறைக்கு அடியிலிருந்துதான் அது கிளம்பியது என்றும் கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். ஆடு மேய்ப்பவர் நின்ற இடத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தோட்டக்கார அம்மா அதுவரை ஓரமாக நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தீயில் அடித்தபோது சுட்டுக்கொண்டதோ என்னவோ, இடது கையில் துணிக்கட்டு.

"செடி போனாப் போவுது. தெரியாம வெச்சுட்டீங்க. அப்பறம் ஏனுங்க மூணு நாளா வாயத் தொறக்குல?"

நோட்டை மூடினேன்.

படித்தவர், தானாக வந்து ஒப்புக்கொண்டார், இத்தோடு விட்டுவிடலாம் என்று பெரியவர் சமாதானமாக ஆரம்பித்தார். அந்த அம்மா விடவில்லை. "அவுரு நெஞ்சுல மண்ணு இன்னும் அப்படியே ஒட்டியிருக்குதுங்க. இவருக்கு மட்டும் நாக்காலியா?"

நியாயம்தானே! நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு நான் விழுந்தேன். தொந்தியும் முழங்கால் வலியுமாக, கையை முன்னால் நீட்டி, முகம் மண்ணில் படுகிற வரைக்கும் விழுந்தேன். சபைக்கு என்று விழுந்தாலும் தலை ஆடு மேய்ப்பவர் உட்கார்ந்திருந்த பக்கம்தான் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை, எழுந்திருக்கவும் தோன்றவில்லை. பாய் வந்து தோளைப் பிடித்துத் தூக்கினார். சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தேன்.

அவர் குடிசை தப்பித்தது. மழை பிடித்ததும் புதுச் செடி வாங்கிக் கொடுத்து, நானும் நாலு நாள் போய்க் குழி வெட்டினேன். நான் வெட்டிய குழியெல்லாம் கோணல் என்று அந்த அம்மா திரும்ப வெட்டச் சொன்னார். வெட்டினேன். சுருட்டை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் விடவில்லை. எப்போதாவது ஒன்று பிடிக்கிறேன், மொட்டை மாடியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. துண்டை அதில் போட்டு முக்குகிறேன். நாற்றம்தான், அடிக்கட்டும். நோட்டு எழுதுவதை நிறுத்திவிட்டேன். எனக்குப் பிடித்த சுருட்டு எது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அன்றைக்குக் கடைசியாக நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கூட்டம் கலைந்ததும் ஆடு மேய்ப்பவர் எங்கள் வண்டி வரைக்கும் கூடவே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. எரிந்து கிடந்த தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூணு நாளா அந்தச் சாம்பலுக்குள்ளதானுங்க கெடந்தேன், எம்பட பீடித் துண்டு கெடைக்குமான்னு. கெடைச்சிருந்தா நாந்தான்னு மனசு அடங்கியிருக்கும். கெடைக்குல. ஆனா நான் போடுலைன்னும் சொல்ல முடியுலீங்க. நெனப்பு வரலை பாருங்க. நீங்க மட்டும் வராமப் போயிருந்தீங்கன்னா, சாவற மட்டும் நாந்தான்னே நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேனுங்க சார்."

அவர் சாகும்வரை சுமந்திருக்க வேண்டிய பழியிலிருந்து மூன்று நாளோடு அவரை விடுவித்துவிட்டேன் என்று பாய் எனக்கு ஆறுதல் சொல்லுவார். ஆனால் ஒரு நல்ல மனிதர் செய்யாத தப்புக்குத் தன்னையே சந்தேகப்பட்டுச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த அந்த மூன்று நாளை எதைக் கொடுத்து அவருக்குத் திருப்பித் தருவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.